சேரியின் பெயரும் ஆங்கிலத்தின் வசையும்: 'பரையா' என்ற சொல்லைப் பற்றி ஓர் ஆய்வு

கேள்வி

விழுப்புரம் கடைத்தெருவில் நாலு பேர் கேட்க ஒருவரைப் 'பறையா' என்று அழைத்து இழிவுபடுத்தினால் அது குற்றம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் கீழ் வழக்குப் பதியலாம். அதே ஊரில் விற்கும் ஆங்கில நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில், உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஓர் அரசைக் குறிக்க அதே சொல் அச்சாகியிருக்கும். அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல ஆங்கிலம் என்றே கொள்கிறார்கள்.

ஆங்கிலேயர் அந்தச் சொல்லை உச்சரிக்கும் விதத்தைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். நடு அசையை அழுத்தி 'பரையா' என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது சாதிப் பெயராகக்கூடக் கேட்காது, ஒருமையில் விளித்துக் கூப்பிடும் வடிவமாகவே கேட்கும். தெருவில் வசை எந்த வடிவத்தில் வருமோ அதே வடிவம்.

இச்சொல் தமிழிலிருந்து போனது என்பது பலருக்கும் தெரிந்த செய்திதான். இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறு கேள்வி. 'சமூகத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டவர்' என்ற பொருள் இச்சொல்லுக்கு எங்கே, எப்படி ஏறியது? யாருடைய பெயரோ அவர்களின் வாழ்க்கைக்கு அந்தப் பொருள் பொருந்துகிறதா? பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதிகளான விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் மனத்தில் வைத்தே இதைப் பார்க்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பறையர்கள்.

அகராதிகள் சொல்வது

இச்சொல்லைப் பற்றிய பழைய அறிவின் களஞ்சியம் யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்'. ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான அந்த அகராதி, 1516ஐ ஒட்டி எழுதிய போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பார்போசாவிடம் இப்பெயரின் முதல் தடத்தைக் காட்டுகிறது. அவர் கண்டது மலபார் கரையை. எனவே ஐரோப்பிய மொழிகளுக்குள் இப்பெயர் நுழைந்த வாசல்களில் மலையாளக் கரையும் ஒன்று என்று கொள்ள வேண்டும். ஆங்கில அச்சில் 1613 முதல் கிடைக்கிறது. பிறகு சென்னை, புதுச்சேரி வணிகக் குடியிருப்புகளின் வழியாகத் தமிழ்நாட்டுப் பறையரைக் குறிக்கும் சொல்லாக அது நிலைபெற்றது.

அந்த அகராதிக்காரர்கள் ஒரு நேர்மையான குறிப்பையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இது தென்னிந்தியாவில் எண்ணிக்கையில் மிகுந்த ஒரு சாதியின் பெயர். சாதியே இல்லாதவர்களைக் குறிக்கும் பொதுச் சொல்லாக ஐரோப்பியர்தாம் அதை அகட்டினார்கள் என்பது அந்தக் குறிப்பின் சாரம். தெருநாய்க்கும் பருந்துக்கும் மட்டமான சாராயத்துக்கும் கூட ஆங்கிலேயர் இந்தப் பெயரை அடைமொழியாக்கியதையும் அங்கேயே காணலாம். பறவையியலாளர் ஜெர்டனின் நூலில் ஊர்ப்பருந்து இந்தப் பெயரோடுதான் இருக்கிறது. மனிதக் கூட்டம் ஒன்றின் பெயரை நாய்க்கு வைத்தவர்கள் அதை ஒரு வகைப்பாட்டு வசதியாகவே எண்ணினார்கள்.

இன்றைய அகராதிகளில் வரிசை தலைகீழ். 'ஒதுக்கப்பட்டவர்' என்பது முதற்பொருள். தென்னிந்தியச் சாதி என்பது இரண்டாம் பொருள். ஆக்ஸ்போர்டு அகராதி அந்த இரண்டாம் பொருளுக்கு 'வரலாற்று வழக்கு' என்ற முத்திரையையும் குத்தியிருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சாதிப் பொருள் வழக்கொழிந்தது என்பதே அம்முத்திரையின் நோக்கம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் அந்த மக்களே என்றோ இருந்து மறைந்தவர்கள் என்றுதான் பதியும். திண்டிவனம் தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்காக நிற்கும் மாணவர் வரலாற்று வழக்கைச் சேர்ந்தவர் அல்லர்.

பறையும் பெயரும்

பெயரின் பிறப்பைப் பற்றி மூன்று வாதங்கள் உண்டு. பறை என்ற தோற்கருவியிலிருந்து வந்தது என்பது கால்டுவெல் உள்ளிட்டோர் ஏற்ற, இன்றும் வலுவாக நிற்கும் வாதம். மலையில் வாழ்வோர் என்ற வடசொல்லோடு இணைத்தவர் குஸ்தவ் ஓப்பர்ட். அதற்கு ஒலி ஒற்றுமைக்கு மேல் சான்று இல்லை, விட்டுவிடலாம். மூன்றாவது அயோத்திதாசப் பண்டிதருடையது. பௌத்தராக இருந்த பூர்வத் தமிழரைத் தாழ்த்துவதற்காகப் பகைவர் சூட்டிய பெயர் இது என்றார் அவர். சொல்லாராய்ச்சியாக அதை நிறுவுவது கடினம். ஆனால் பெயருக்குப் பின்னால் ஓர் அதிகாரம் இருக்கிறது என்று காட்டியதில் மற்ற இருவரையும்விட அவர் பார்வை கூர்மையானது.

பறை வாதத்தை ஏற்றாலும் ஒன்றை மறக்கக்கூடாது. சேரியில் எல்லோரும் பறையடித்தவர்கள் இல்லை. சில குடும்பங்களே அதைச் செய்தன. பலகைகளை வளைவாக இணைத்த சட்டம், அதில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல், வைக்கோல் தீயில் காய்ச்சி ஏற்றும் சுதி, ஒரு கையில் கனத்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி என அது ஒரு தேர்ந்த கலை. சாவு வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் ஊர்த் தண்டோராவுக்கும் அந்தக் கலைஞர்கள் வேண்டியிருந்தார்கள். மற்ற பெரும்பான்மையோர் ஏர் பூட்டியும் நாற்று நட்டும் அறுத்தும் அடித்தும் வாழ்ந்த வேளாண் கூலிகள். ஒரு சிறு பிரிவின் தொழிலைக் கொண்டு மொத்தச் சமூகத்தையும் 'சடங்கு மேளக்காரர்கள்' என்று விளக்கும் அகராதி வரி, வயலை முழுவதுமாக மறைத்துவிடுகிறது.

பழமையைப் பொறுத்தவரை, புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனை நான்கு குடிகளில் ஒன்றாகச் சொல்கிறது. அங்கே இழிவுக் குறிப்பு இல்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாக வருகின்றன. சேரி வேறாக ஒதுங்கியிருந்தது அப்போதே தெரிகிறது. இரண்டும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருப்பதால், பறைச்சேரி என்றாலே தீண்டாமை என்று அந்தக் காலத்தில் முழுமையாகப் பொருள்படவில்லை என்று ஊகிக்கலாம். இதற்கு மேல் இந்தச் சான்றை இழுப்பது சரியாகாது.

ஐரோப்பா உருவாக்கிய தனியன்

பெயர் உருவகமானது தமிழ்நாட்டில் நடந்த காரியம் அன்று. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தின் தெ சேன்-பியேர் 1791இல் ஒரு சிறு புனைகதை வெளியிட்டார். உண்மையைத் தேடி அலையும் ஓர் ஆங்கில அறிஞர், புரி ஜகந்நாதத்தில் பிராமண குருவிடம் அதைப் பெறாமல் திரும்பி, காட்டில் குடிசை கட்டி வாழும் ஒரு 'பாரியா'விடம் பெறுகிறார். ஆசிரியர் மொரீசியசில் இருந்தவர், இந்தியாவுக்கு வந்ததில்லை. அவருடைய நாயகனுக்கு ஊர் இல்லை, கூட்டம் இல்லை, ஆண்டை இல்லை, கூலி வேலை இல்லை. இயற்கையோடு தனித்து வாழும் தூய மனிதன்.

இந்தத் தனியன் ஐரோப்பாவைக் கவர்ந்துவிட்டான். 1821இல் காசிமிர் தெலாவீஞ் பாரிசில் நாடகமாக்கினார். ஜெர்மனியில் மிகேல் பேர் இன்னொரு நாடகம் எழுதினார். கதே மூன்று பகுதிகள் கொண்ட கவிதை எழுதினார். பெண்ணாகவும் மணவாழ்விலிருந்து வெளியேறியவராகவும் தான் பட்ட அவமதிப்பைச் சொல்ல, ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தன் பயண நூலின் தலைப்பிலேயே இப்பெயரைச் சூடிக்கொண்டார். பிறகு மாக்ஸ் வேபர் யூதர்களை விளக்க இதைச் சமூகவியல் கலைச்சொல்லாக்கினார். ஹன்னா அரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரையில் அதற்கு ஒரு கலகக்காரனின் மதிப்பையே கொடுத்தார். எலெனி வாரிகாஸ் போன்ற ஆய்வாளர்கள் இந்த ஐரோப்பியப் பயணத்தைத் துலக்கியிருக்கிறார்கள்.

இவர்களில் பலர் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றவர்கள் என்பதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு சேரியின் பெயர் உலகத்தின் எந்தத் துயருக்கும் அணிந்துகொள்ளத்தக்க உடையானபோது, அதற்கு உரியவர்கள் அந்த உலகப் பேச்சிலிருந்து காணாமற்போனார்கள். யூதரையும் பெண்ணையும் கவிஞனையும் குறித்த அந்தச் சொல், செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையில் ஏரோட்டியவரைக் குறிக்காமலே போயிற்று.

ஒதுக்கப்பட்டவரா, கட்டப்பட்டவரா?

என் முதன்மை வாதம் இங்கேதான் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர் என்றால் கூட்டம் வெளியே தள்ளிவிட்டு அவரின்றித் தன்போக்கில் நடக்கிறது என்று பொருள். பறையர் நிலை இதற்கு நேர் எதிரானது. செங்கற்பட்டிலும் தென்னார்க்காட்டிலும் நெல் விளைந்தது படியாட்களின் உழைப்பால். படியாள் என்பவர் படியளந்து கொடுக்கும் நெல்லுக்கு ஒரு மிராசுதாரின் நிலத்தோடு கட்டுண்டவர். வாங்கிய சிறு கடன் மகன் காலத்திலும் தீராது. குடியிருக்கும் மனையே ஆண்டையுடையது. வேலையை விட்டால் குடிசையும் போகும். வெட்டியான், தலையாரி, தோட்டி என்று ஊர்க் காரியங்களும் அவர்கள் தலையில். ஊருக்கு அவர்களின் கை வேண்டும், ஏரிக்கரையிலும் களத்திலும் வேண்டும். வேண்டாதது கிணற்றிலும் கோயிலிலும் தெருவிலும் அவர்களின் உரிமை மட்டுமே. உழைப்பில் உள்ளே, உரிமையில் வெளியே என்ற இந்த ஏற்பாட்டை 'சமூகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்' என்ற பொருள் விழுங்கிவிடுகிறது.

கம்பெனி அரசுக்கு இது தெரியாததன்று. தமிழ் மாவட்டங்களின் வேளாண் அடிமைமுறை பற்றி 1819இலேயே வருவாய் வாரியம் ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை நீக்கியது. வயலில் அதனால் பெரிய மாற்றம் நிகழவில்லை. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தம் மாவட்டப் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பு, தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டவர்களை மிராசுதார்கள் எப்படியெல்லாம் மறித்தார்கள் என்பதை விவரிக்கிறது. மனையும் நிலமும் இல்லாமையே இவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அவர் கண்டார். 1892இல் வந்த அரசாணைக்கும், ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்களுக்கும் தொடக்கம் அந்தக் குறிப்புதான்.

ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில் முக்கியமான ஒன்றை நிறுவினார். 1890களில் அதிகாரிகளும் மிஷனரிகளும் பறையர் நிலைக்கு 'பரையா பிரச்சினை' என்றே பெயர் வைத்துப் பேசத் தொடங்கியபோது, நிலமும் கூலியும் சார்ந்த அடிமைத்தனம் மெல்ல மதமும் சடங்கும் சார்ந்த தீண்டாமையாக மட்டும் உருமாற்றப்பட்டது என்பது அவர் வாதம். அதோடு உடன்படுகிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அந்த உருமாற்றத்துக்கு ஆங்கிலச் சொல்லின் உருவகப் பொருள் முன்பே வழி போட்டு வைத்திருந்தது. நூற்றாண்டு காலமாக நாடகத்திலும் கதையிலும் 'ஒதுக்கப்பட்டவன்' என்று படித்துவிட்டுச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர்களுக்குத் தீண்டாமை கண்ணில் பட்டது. படியாள் முறை பார்வைக்குத் தப்பியது. திண்டிவனத்திலும் மையம் அமைத்திருந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளிக்கூடத்தையும் மருத்துவத்தையும் சேரிக்குக் கொண்டுவந்தது. அதன் நற்பணியை மறுக்க முடியாது. அந்தக் காலத்து மிஷனரிகளின் ஆங்கில எழுத்திலும் இந்தச் சொல்தான் புழங்கியது.

பெயரை ஏற்றவரும் மறுத்தவரும்

பெயருக்குரியவர்கள் வாளாவிருக்கவில்லை. திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அந்தப் பெயரிலேயே தலைநிமிர்வது அவர் வழி. அயோத்திதாசர் அதை ஏற்கவில்லை. பகைவர் வைத்த பெயரை நாம் ஏன் தாங்க வேண்டும் என்பது அவர் கேள்வி. 1907இல் அவர் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்ததிலேயே பதிலும் இருக்கிறது. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது.

சீனிவாசன், அயோத்திதாசர் இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பெயரை ஏற்பதா விடுவதா என்ற முடிவை அந்த மக்களே எடுத்தார்கள். ஆங்கில உருவகத்தில் அந்த உரிமை அவர்களிடம் இல்லை. 1922ஆம் ஆண்டு ஆணை சென்னை மாகாணத்தின் கோப்புகளைத் திருத்தியது. லண்டன் அகராதிகளை அது எட்டவில்லை.

மலேசியாவில் திரும்பி வந்த சொல்

ஐரோப்பா போன சொல் ஆசியாவுக்கே திரும்பி வந்து தமிழரை அடித்த இடம் மலேசியா. தென்னார்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாடு அது. அங்கே மலாய்ப் பேச்சில் 'பாரியா' இந்தியர்களுக்கான பொது வசை. அப்துல்லா ஹுசைன் 1971இல் வெளியிட்ட 'இண்டர்லோக்' நாவல் 2011இல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, குடியேறிய இந்தியர்களை அச்சாதியினர் என்று அது குறிப்பதை எதிர்த்துத் தமிழர் அமைப்புகள் போராடின. அந்த ஆண்டு இறுதியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. போராட்டம் நியாயமானது. ஆனால் எதிர்ப்பாளர்களில் சிலர் 'நாங்கள் அந்தச் சாதி அல்ல' என்ற தொனியில் பேசியது வருத்தத்துக்குரியது. பெயரையே கறையாக ஒப்புக்கொண்டு அதிலிருந்து தன்னை மட்டும் கழுவிக்கொள்ளும் பேச்சு அது.

'காலனி' என்ற இன்னொரு சொல்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கிராமங்களில் இன்று சேரி என்ற சொல் குறைந்து, 'காலனி' அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். அரசு கட்டிக்கொடுத்த வீட்டு வரிசைகளுக்கு வைத்த கண்ணியமான ஆங்கிலப் பெயர் அது. நகரத்தில் வங்கி ஊழியர் காலனி என்றால் மதிப்பு. இங்கே 'காலனிக்காரன்' என்றால் சாதி. பேருந்து நடத்துநர் 'காலனி ஸ்டாப் இறங்கு' என்று சொல்லும்போது இறங்குபவர் யார் என்று வண்டி முழுக்கத் தெரிந்துவிடும். 2025 ஏப்ரல் 29 அன்று, இச்சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் சேரி போய்க் காலனி வந்த கதையே, பலகையை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்குச் சான்று. விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைவதை ஒட்டி எழுந்த பிணக்கில் 2023 ஜூனில் கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. விழுப்புரம் நகரில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இந்த மண்ணில் சாதிப் பெயர் வெறும் ஒலி அன்று என்று சொல்ல இவை போதும்.

சட்டம் பார்ப்பதும் பார்க்காததும்

சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் வெளிப்படையாகப் பேசியது. பள்ளன், பறையன் என்பவை சாதிப் பெயர்களானாலும் இழிவுபடுத்தும் நோக்கோடு சொன்னால் குற்றம் என்றது. அப்பெயரைத் திருகி உருவாக்கிய இன்னும் கொடிய வடிவங்களையும் எடுத்துக் காட்டியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சாதிப் பெயரால் வைவதைத் தனிக் குற்றமாகவே எழுதியது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கு, இழிவு பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வலியுறுத்தியது.

இதன் நடைமுறை விளைவு காவல் நிலையத்தில் தெரியும். 'அசிங்கமாகத் திட்டினார்' என்று எழுதினால் வழக்கு நிற்காது. எந்தச் சொல், எந்த இடம், யார் கேட்டார்கள் என்று புகார் மனுவில் இருக்க வேண்டும். அதனால் அவமானப்பட்டவரே அந்தச் சொல்லை எழுத்தர் முன்னால் தம் வாயால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி ஒருவர் பட்ட பாட்டுக்குப் பிறகும் அதே சொல்லை வெறும் அணியாக எழுதும் உரிமை ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வருகிறது?

ஆங்கிலச் சொல் தமிழ்ப் பெயரிலிருந்து நெடுந்தொலைவு விலகிவிட்டது, எழுதுபவருக்குச் சாதி நினைப்பே இல்லை என்பது வழக்கமான பதில். நோக்கம் இல்லாதவரைச் சட்டம் தண்டிக்கக்கூடாது என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் தண்டனை வேறு, பொறுப்பு வேறு. ஒரு நாடு குற்றம் செய்ததால், தடைகளைச் சம்பாதித்துக்கொண்டதால் ஒதுக்கப்படுகிறது. அந்த நிலைக்கு, எந்தக் குற்றமும் செய்யாமல் பிறப்பால் மட்டும் இழிவுபடுத்தப்பட்டவர்களின் பெயரைச் சூட்டுவது பொருளாலும் பிழை, அறத்தாலும் பிழை.

சென்னையிலிருந்து வெளிவரும் ஆங்கில நாளிதழ்களின் ஆசிரியர்களையும் பல்கலைக்கழக ஆங்கிலத் துறைகளையும் நோக்கி என் வேண்டுகோள் இதுதான். உங்கள் நடைக் கையேட்டிலிருந்து இந்த உருவகத்தை நீக்குங்கள். தனிமைப்படுத்தப்பட்ட நாடு, விலக்கிவைக்கப்பட்ட தலைவர் என்று சொல்ல அந்த மொழியில் வேறு சொற்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. ஆங்கில-தமிழ் அகராதி தொகுப்பவர்கள் இச்சொல்லுக்கு நேரே 'ஒதுக்கப்பட்டவர்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், இது தமிழ்நாட்டில் இன்று வாழும் ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து ஆக்கப்பட்ட வசை என்ற எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும்.